வெள்ளிக் கோட்டின் கைநீளம்

1

திறப்பு விழாவுக்கு இன்னும் நாற்பத்திரண்டு மணி நேரம் இருக்கிறது. எழுதவேண்டிய குறிப்பு அட்டைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அந்த ஒன்றை எழுத முடியவில்லை. அதனால் இந்தக் கதையை எழுதுகிறேன்.

கதை பிறந்த விதம் இவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான காரணம் இருந்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

பதுளை பஸார் வீதியில் வாப்பாவின் நண்பர் மர்ஸூக் நானாவுக்கு ஒரு சப்பாத்துக் கடை இருக்கிறது. கடைக்கு மேலே இரண்டு அறைகள். பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மியூசியம் திறக்கப்போகிறார். அதில் அரசர்களின் வாள் இல்லை. பழைய நாணயங்கள் இல்லை. பாடகர் ஜௌபர் மேடையில் உடுத்தவை மட்டும் இருக்கின்றன. ஆறு கோட், இரண்டு காற்சட்டை, கண்ணாடிச் சில்லுகள் பதித்த ஒரு கித்தார்ப் பட்டி, குதி உயர்ந்த ஒரு சோடிச் சப்பாத்து, கண்ணுக்குத் தீட்டும் சுர்மாவின் காலிக் குப்பி ஒன்று.

ஜௌபரைத் தெரியாதவர்களுக்கு: எழுபதுகளின் தொடக்கத்தில் ‘நமுனுகுல ஃபைவ்’ என்ற ரொக் இசைக்குழுவில் பாடியவர். குரல் சுமார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உடுப்பு சுமார் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவருடைய கோட்டின் கை, விரல்களையும் தாண்டித் தொங்கும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கையை ஒரு உதறு உதறுவார். விரல்கள் வெளியே வரும். ஹால் எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு பதுளை, ஹாலிஎல, பசறைப் பெடியன்கள் எல்லாரும் தையற்காரர்களிடம் போய் ‘ஜௌபர் கை’ வைக்கச் சொன்னார்கள். கூப்பனுக்குத் துணி அளந்து விற்ற காலம் அது. தகப்பன்மார் சண்டை பிடித்தார்கள். ஆனாலும் வைத்தார்கள்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவள். இந்த ஊர் ஈரத்தில் துணிகளில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று மர்ஸூக் நானா வாப்பாவிடம் கேட்டார். வாப்பா என்னைக் கொடுத்தார். பூஞ்சணத்தோடு பேசவேண்டியதில்லை என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன். அட்டைகளும் நான்தான் எழுதவேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

2

முதல் தொடக்கம்:

நமுனுகுல மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கித்தாரின் ஓலம்

(விட்டுவிட்டேன். ஜௌபர் பாடிய இரவுகளில் நான் அங்கே இல்லை. அப்போது பதின்மூன்று வயது. தூங்கிக்கொண்டிருந்தேன்.)

இரண்டாம் தொடக்கம்:

அலுமினியத்தின்மேல் காற்றுப் பட்டதும் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படை உண்டாகிறது. அந்தப் படையே உலோகத்தைப் பிறகு

(உண்மை. ஆனால் இதைப் படித்துவிட்டு யார் அடுத்த வரிக்கு வருவார்கள்?)

மூன்றாம் தொடக்கம்:

பாறூக் என்ற தையற்காரர் பதுளை பஸார் வீதியில் வாழ்ந்தார். வெள்ளிக் கோட்டைத் தைத்தவர் அவரே.

இது ஓடியது. பாறூக்குக்கு மூக்குக்கண்ணாடி கொடுத்தேன். காதில் ஒரு பென்சில் செருகினேன். கடையில் ஒரு பழைய ரேடியோ வைத்தேன். தாள் தீர்ந்துபோயிருந்ததால் அந்த முதல் இரண்டு வரியையும் ஒரு வெற்று அட்டையில் எழுதினேன் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அந்த அட்டை பிறகு வரும்.

வெள்ளிக் கோட் ஆறாம் இலக்கம். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித்தாளைக் கஞ்சிப் பசையால் துணியில் ஒட்டி, மேலே நெருக்கமாக ஊடுதையல் போட்டிருக்கிறது. அசைந்தால் சரசரக்கும். அந்தச் சத்தம் மைக்கில் கேட்கும். உட்புறம் சிவப்புத் துணியில் மஞ்சள் அன்னாசிப்பழங்கள். கடைசிப் பாட்டில் ஜௌபர் கோட்டைத் திறப்பார். அன்னாசிகள் தெரியும். அப்போது ஹாலில் கதிரை உடையுமாம்.

ஒவ்வோர் அட்டையிலும் ‘தைத்தவர்’ என்று ஒரு வரி வேண்டும் என்றார் மர்ஸூக் நானா. மற்ற ஐந்து கோட்டுக்கும் ‘தெரியவில்லை’ என்று எழுதச் சம்மதித்தார். ஆறாவதுக்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

“கொழும்பு டெய்லர்தான் தங்கச்சி. இங்க ஆரு இப்பிடி வெட்டுற? ஆளக் கண்டுபுடிச்சித் தாங்க. முன் ரூம அவருக்கே தையல் கட போடக் குடுப்பன். கீழ சப்பாத்து, மேல கோட். ஊவா முழுக்க நம்மட படியில ஏறும்.”

நான் தலையாட்டினேன். என்னால் முடிந்த மிக நீண்ட பதில் அது.

3

பாறூக் என்று ஒருவர் இல்லை. வெள்ளிக் கோட்டைத் தைத்தது என் ராத்தா, என் அக்கா ஸவாஹிரா. மற்ற ஐந்தையும் அவள்தான் தைத்தாள்.

இதைக் கதையின் நடுவில் வைத்து உங்களை வியக்கவைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு பரிசோதனைக் குறிப்பில் பதார்த்தத்தின் பெயரை மறைத்து வைப்பதில்லை.

எங்கள் மூத்த சகோதரர் நிஸாம் நானா அந்தக் குழுவில் ட்ரம் அடித்தார். நெடிய மனிதர். வாப்பாவின் பலசரக்குக் கடையில் மேல்தட்டுப் போத்தல்களை ஏணியில்லாமல் எடுப்பார். மகன் ட்ரம் அடிப்பதையே வாப்பா ஒரு வருடம் பேசாமலிருந்துதான் மன்னித்தார். அந்தக் கூட்டத்துக்கு மகள் கோட் தைக்கிறாள் என்று தெரிந்தால்? ஆகவே நிஸாம் நானா ஜௌபரிடம், “கொழும்பில ஒரு டெய்லர்” என்று சொன்னார். ஜௌபர் அதை மர்ஸூக் நானாவிடம் சொன்னார். இப்போது நிஸாம் நானா குவைத்தில். ஜௌபர் பஹ்ரெய்னில், ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில். இல்லாத அந்த டெய்லர் மட்டும் இன்னும் கொழும்பில் இருக்கிறார்.

அன்னாசித் துணி எங்கள் முன்னறைத் திரைச்சீலை. கீழிருந்து ஒரு முழத்துக்கு மேல் போய்விட்டது. எலி கடித்துவிட்டது என்று ராத்தா வாப்பாவிடம் சொன்னாள். எலி இவ்வளவு நேராகக் கடிக்குமா என்று வாப்பா யோசிக்கவில்லை. பசறையிலிருந்து ஒரு பூனை கொண்டுவந்தார். அந்தப் பூனையின் மகள்தான் இப்போது இந்தத் தாளின் ஓரத்தில் படுத்திருக்கிறது.*

* நியாயமாகப் பார்த்தால் இதற்கும் ஓர் அட்டை எழுதவேண்டும். கோட் இல்லாவிட்டால் இந்தப் பூனை இல்லை.

குட்டையாகிப்போன அந்தத் திரைச்சீலை இன்னும் தொங்குகிறது. மர்ஸூக் நானா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதற்கு நேரெதிரே அமர்ந்துதான் பிளேன்டீ குடிக்கிறார். கோட்டின் அன்னாசிகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார். ஹவாய் கித்தாருக்கும் அவற்றுக்கும் தொடர்பு உண்டு என்பது அவர் கருத்து. எதிரே இருக்கும் அன்னாசிகளை அவர் கண்டதில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள் இருப்பார்கள். மரியாதையுள்ளவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அவர் எங்கள் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். மிகவும் மரியாதையுள்ளவர்.

4

நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரிகிறது. பதினெட்டு வயதுப் பெண், பாடகன், இரகசியமாகத் தைத்த கோட். நானும் அதையே எதிர்பார்த்தேன். ஒரு பத்தி எழுதியும் வைத்தேன் (கிழித்துவிட்டேன், அதில் நிலா இருந்தது). பிறகு கேட்டுப் பார்ப்பதே நல்லது என்று தோன்றியது.

“ராத்தா, உங்களுக்கு அவர்ல...”

“ஆருல?”

“ஜௌபர்ல.”

ராத்தா பள்ளிச் சீருடை ஒன்றுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அவர்ட கழுத்தக் கண்டீக்கியா? கட்டை. கொலர் நிக்காது. அந்தக் கழுத்தோட நான் ஆறு கோட் பட்ட பாடு போதும்.”

காதல் கதை அங்கே முடிந்தது. அடுத்த பொத்தானுக்கு நூல் கோத்தபடி அவளே கேட்டாள்.

“மர்ஸூக் நானாட முன் ரூம்ல வெளிச்சம் எப்பிடி?”

“கிழக்கால ரெண்டு ஜன்னல்.”

“மேச போட எடம் இரிக்கா? வெட்டுற மேச?”

“இரிக்கி.”

இதையே முந்தாநாளும் கேட்டாள். நேற்றும் கேட்டாள். இன்றும், முதன்முறை கேட்பதுபோல. பத்து வருடமாக அவள் வெள்ளைச் சீருடைதான் தைக்கிறாள். ஒரே அளவு, ஒரே மடிப்பு. வெட்டி மிஞ்சும் கலர்த் துணித் துண்டுகளைக் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் சேர்த்து வைக்கிறாள். எதற்கென்று கேட்டால், “சும்மா” என்பாள்.

“அப்ப சொல்லுங்களேன்,” என்றேன். “நீங்கதான் தச்சதெண்டு.”

“வாப்பா?”

“வாப்பா மட்டுந்தானா?”

“இல்ல. வேற ஒண்டும் இரிக்கி.” பற்களால் நூலை அறுத்தாள். “அத ஆருக்கும் சொல்ல ஏலாது. சொன்னா ஒரு கைக்குட்ட தைக்கவும் ஆளுகள் துணி தரமாட்டாங்க.”

அது என்னவென்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையை எழுதுபவளுக்கே தெரியாத ஒன்று கதைக்குள் இருக்கிறது என்பதை நீங்களும் தெரிந்துவைத்திருங்கள்.

5

இந்த இடத்தில் பாத்திரம் ஒருவர் தானாகவே வந்தார். கதவைத் தட்டிக்கொண்டு.

வடமலை என்று பெயர். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பஸ்ஸேறி, நான் வேலை செய்துகொண்டிருந்த மியூசிய அறைக்கு வந்திருந்தார். கையில் பத்திரிகைத்தாளில் சுற்றிய ஒரு சட்டை.

“எங்க அண்ணனோடதுங்க. தீவாளிக்குத் தச்சது. ஜௌபர் கை. இத உள்ள வப்பீங்களா?”

மர்ஸூக் நானா சட்டையை விரித்தார். ஊதாப் பூ. கை முழங்காலுக்குப் பக்கத்தில் வந்தது.

“இதென்ன, ஜௌபரவிட நீளம்!”

“ஆமாங்க. அண்ணன் டெய்லர்கிட்ட, அவருக்கு எவ்வளவோ அதுக்கு மேல ரெண்டு அங்குலம்னு சொல்லிருச்சு. அத போட்டுக்கிட்டு காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்குப் போயி நின்னுச்சுங்க. கங்காணி, ‘என்னடா, கை ரெண்டையும் லயத்து வீட்டிலேயே விட்டுட்டு வந்துட்டியா, அரைநாள் பேர்தான் போடுவேன்’னுட்டாரு.”

மர்ஸூக் நானா விழுந்து விழுந்து சிரித்தார். வடமலையும் சிரித்தார். நான் சட்டையைத் திருப்பித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணன் இப்ப எங்க?” என்றார் மர்ஸூக் நானா.

“இந்தியாவுக்குப் போயிட்டாங்க. பெட்டியில எடமில்லன்னு இத எங்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. ஏங்க, அவரு ஏன் கைய நீளமா வச்சாருன்னு எழுதிப் போடுவீங்களா? அண்ணனுக்குக் கடுதாசி போட்டுச் சொல்லணும். சாகுறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்னு சொல்லும்.”

அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பல பதில்கள் உண்டு. ஜௌபரின் விரலில் தழும்பு இருந்தது. வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பார்த்துச் செய்தார். குளிர். மர்ஸூக் நானாவின் பதில்: “கலை, தம்பி. கலைக்குக் காரணம் கேக்க ஏலாது.”

நான் ஆறு கோட்டையும் அளந்து பார்த்தேன். அந்த உடம்பளவு உள்ள ஓர் ஆளுக்கு வேண்டியதைவிடக் கை நீளம். ஆறிலும் அதே மிகை. ஆய்வுகூடத்தில் எங்களுக்கு இரண்டு வகை வழு சொல்லித் தருவார்கள். கை நடுங்கினால் ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். தராசே பிழையென்றால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பிழைக்கும்.

(இந்தப் பத்தியை எழுதிய பிறகு தராசு எது என்று யோசித்தேன். பிடிபடவில்லை. வடமலையின் சட்டைக்கு அட்டை எழுதினேன். அதில் கங்காணி சொன்னதையும் சேர்த்தேன். எழுதியவற்றில் அதுதான் நல்ல அட்டை.)

6

சனி காலை. இதுவரை எழுதியதை ராத்தாவிடம் கொடுக்கத் துணிவில்லை. பாறூக்கின் கதையை மட்டும் வாசித்துக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி, காதுப் பென்சில், ரேடியோ. வெள்ளித்தாளைத் தடவிப் பார்த்து அவர் புன்னகைக்கும் இடம். எனக்குப் பிடித்த இடம் அது.

ராத்தா மெஷினை நிறுத்தினாள்.

“ஆரிந்தப் பாறூக்?”

“ஆருமில்ல. கற்பன.”

“கஞ்சிப் பச ஒட்டாமப் பிஞ்சி பிஞ்சி வந்தப்ப இவர் எங்க இருந்த? ஊசி மூணு ஒடிஞ்சப்ப?”

“ராத்தா, கதைதானே.”

“சிரிக்கிறாராம். வெள்ளித்தாள் வெரல வெட்டும். தெரியுமா அவருக்கு? ரேடியோ கேட்டுக்கொண்டு தச்சாராம். நான் சத்தம் வரப்படாதெண்டு மெஷினுக்கடியில தலாணி வச்சித் தச்ச.” முகம் சிவந்திருந்தது. “என்ட கோட்ட எடுத்து ஏன்டி அவருக்குக் குடுத்த?”

அவள் என்னை ‘டி’ போட்டுப் பேசி வருடங்களாகிவிட்டன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பொய்யான ஆளை உண்டாக்கினேன். உண்மையான ஆளுக்குக் கோபம் வந்தது. எழுதுவதால் ஏதாவது நடக்குமா என்று சந்தேகப்பட்டதுண்டு. நடக்கிறது.

“அப்ப அட்டையில என்ன எழுத?” என்றேன்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. 

7

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, மர்ஸூக் நானா அட்டைகளை வாங்க வந்தார். வாப்பா பக்கத்தில் அமர்ந்தார். பிளேன்டீ, கருப்பட்டி. நான் அட்டைக் கட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். ராத்தா திரைச்சீலைக்குப் பின்னால். பூனை நடுவில்.

ஆறாவதைப் பிறகு தருகிறேன் என்று சொல்லவேண்டும். வாக்கியத்தை மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கத் தொடங்கிவிட்டார். சுர்மாக் குப்பியின் அட்டையைக் கேட்டு வாப்பா தலையசைத்தார். கங்காணி பேச்சைக் கேட்டுச் சிரித்தார். கட்டின் அடியிலிருந்து கடைசி அட்டையை எடுத்தபோது எனக்கு விளங்கியது, அது எந்த அட்டை என்று.

“‘பாறூக் என்ற தையற்காரர் பதுளை பஸார் வீதியில் வாழ்ந்தார். வெள்ளிக் கோட்டைத் தைத்தவர் அவரே.’” மர்ஸூக் நானா எழுந்தே விட்டார். “அல்லாவே! கண்டுபுடிச்சிட்டீங்களா தங்கச்சி! எந்தப் பாறூக்?”

என் வாய் திறந்தது. அவ்வளவுதான்.

“ரயில்வே ஸ்டேஷனுக்குப் போற வழியில ஒரு பாறூக் இருந்தாரே,” என்றார் வாப்பா.

“அவரேதான்! கண்ணாடி போட்டவர்!”

“அவர் மெத்தை தச்ச மனிசன்.”

“மெத்தை தச்சவருக்குக் கோட் தைக்க ஏலாதா? அந்த ஊடுதையலப் பாருங்க, மெத்தைத் தையலேதான்! எனக்கு இவ்வளவு நாளும் வெளங்கல்லியே.”

“அவர் மௌத்தாப் போய் நாலு வருஷமில்லியா? மௌத்தான ஆளுக்கு எப்பிடி ரூம் குடுக்கிற?”

“மகன் இரிக்கிறாரே, ஹாலிஎலயில. அவருக்குக் குடுப்பம். வாப்பாட கைத்தொழில் மகனுக்கு வராமப் போகுமா? நாளைக்கே கூட்டி வாறன். விழாவுல பொன்னாடை போத்துவம்.” சட்டைப்பையிலிருந்து முன்னறைச் சாவியை எடுத்து மேசையில் தட்டினார். “இப்பவே போறன். அஞ்சு மணி பஸ் இரிக்கி.”

தாளில் நான் உண்டாக்கிய ஒரு மனிதருக்கு இப்போது ஒரு கபுறுக் குழியும், ஒரு மகனும், கிழக்கு நோக்கிய இரண்டு ஜன்னல்களும் கிடைத்துவிட்டன. நான் மறுபடி வாயைத் திறந்தேன். மர்ஸூக் நானா குடையை எடுத்தார்.

திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம் கேட்டது.

8

இந்த இடத்துக்கு நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் நான் பேசுகிறேன். தெளிவாக, நடுங்காமல், எல்லாவற்றையும். எனக்கு மிகப் பிடித்த முடிவு. ஒரு வார்த்தைகூட உண்மையில்லை.

இரண்டாவதில் மர்ஸூக் நானா தற்செயலாகத் திரும்பி அன்னாசிகளைக் காண்கிறார். துப்பறியும் கதைக்குப் பொருத்தம். ஆனால் அவர் அவ்வளவு மரியாதையில்லாதவர் அல்லர். அந்த நேரத்திலும் மணிக்கூட்டைத்தான் பார்த்தார்.

மூன்றாவதில், பஹ்ரெய்னிலிருந்து வந்த ஜௌபர் ரயிலிலிருந்து இறங்கி, நேரே எங்கள் வீட்டுப் படியில்

(வேண்டாம். அவருடைய கழுத்தைப் பற்றி மறுபடி பேச்சு வரும்.)

நடந்ததை எழுதுகிறேன். ராத்தா வெளியே வந்து நின்றாள். தலையில் முந்தானை, கழுத்தில் அளவு நாடா. கழற்ற மறந்துவிட்டாளோ, வேண்டுமென்றே விட்டாளோ தெரியாது. ஒரு கையில் திரைச்சீலையின் வெட்டிய ஓரத்தைப் பிடித்திருந்தாள். வாப்பாவைப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த சாவியைப் பார்த்தாள். பேசினாள்.

அவள் பேசியதோடு இந்தக் கதை நிற்கும். அதன் பிறகு வாப்பா கோப்பையை எங்கே வைத்தார், யாரை முதலில் பார்த்தார், திரைச்சீலையையா பூனையையா, மர்ஸூக் நானாவின் குடை என்ன ஆயிற்று, சாவி எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையெல்லாம் நீங்கள் எழுதுங்கள். உங்களை நம்பி விடுகிறேன். ஒன்றை மட்டும் என் பக்கத்திலிருந்து தருகிறேன். இப்போது ஆறாவது அட்டை எழுதியாகிவிட்டது. வடமலையின் அண்ணனுக்கு அனுப்ப அதன் பிரதி ஒன்றும். இரண்டிலும் மை காய்ந்துவிட்டது.

ராத்தா சொன்னது இது:

“பாறூக் இல்ல, மர்ஸூக் நானா. நான்தான் தச்ச. வேற ஆம்பிளைட கையில நான் எப்பிடி டேப் வைக்க? நிஸாம் நானாட கைய அளந்து வெட்டின. அதான் நீண்டுபோன. முதல் கோட் பிழதான், அதத்தான் இவ்வளவு நாளும் மறைச்ச. மத்த அஞ்சும் நான் வேணுமெண்டே அப்பிடி வெட்டின.”